பரமார்த்த குருவை நமக்குத் தந்த பாதிரியார்



சிண்டரெல்லாவை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். கண்ணாடிக் காலணியும், பூசணிக்காய் வண்டியாக மாறியதும் தெரியும். சிவப்புக் குல்லாய்ச் சிறுமியைத் தெரியும். பாட்டி வேடம் போட்டுப் படுத்திருந்த ஓநாயையும் தெரியும். ஆனால் இவற்றை எழுதி வைத்தவர்கள் யார் என்று கேட்டால் பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோர்களும் விழிப்பார்கள். பிரான்சு நாட்டில் பெரோ என்பவர் 1697-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்ட கதைகளில் வந்தவர்கள்தாம் சிண்டரெல்லாவும் சிவப்புக் குல்லாய்க்காரியும். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் மக்களிடம் கேட்டறிந்த கதைகளைத் தொகுத்து 1812-இல் முதல் பாகத்தை வெளியிட்டார்கள். டென்மார்க்கில் ஆண்டர்சன், செருப்புத் தைப்பவரின் மகன், துணி வெளுத்துப் பிழைத்த தாயின் பிள்ளை, 1835-இல் தம்முடைய கதைகளை வெளியிடத் தொடங்கினார். எழுத்து நடையில் எழுதாமல் வீட்டில் பேசுவதுபோல எழுதிவிட்டார் என்று அக்காலத்துப் பண்டிதர்கள் அவர்மேல் குறை சொன்னார்கள். இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

சரி, தமிழில் இப்படி ஒருவர் இல்லையா? இருக்கிறார். கிரிம் சகோதரர்கள் பிறப்பதற்கு முன்பே இருந்திருக்கிறார். அவர் எழுதிய கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். ஆற்றைத் தூங்கவைத்துக் கடந்தவர்கள் கதை, குதிரை முட்டை வாங்கியவர்கள் கதை. ஆம், பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடர்களும்தான். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று அந்தச் சீடர்களுக்குப் பெயரிட்டு, கதையை ஏட்டில் இறக்கியவர் இத்தாலி தேசத்திலிருந்து வந்த ஒரு பாதிரியார். நாம் அவரை வீரமாமுனிவர் என்கிறோம்.

கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி என்பது பெற்றோர் வைத்த பெயர். இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-இல் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கப்பலில் கோவாவுக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாடு சேர்ந்தார். அப்போது வயது முப்பது. முப்பது வயதில் 'அ' போடத் தொடங்கிய மனிதர் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த மனிதர்தாம் பிற்காலத்தில் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக் காப்பியத்தைப் பாடினார். தொன்னூல் விளக்கம் என்று ஐந்திலக்கணமும் சொல்லும் நூல் செய்தார். 1732-இல் சதுரகராதி தொகுத்தார். சொற்களை அகர வரிசையில் அடுக்கி வைக்கும் முறையைத் தமிழில் காட்டிக்கொடுத்த நூல் அது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் எழுதினார். அரியலூருக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சி என்னும் ஊரில் நெடுங்காலம் தங்கிப் பணியாற்றினார்.

இன்னொன்றும் உண்டு. முதலாம் ஆண்டு வகுப்பில் உங்கள் பிள்ளை 'கெ' எழுதும்போது ஒற்றைக் கொம்பும், 'கே' எழுதும்போது மேலே சுழித்த இரட்டைக் கொம்பும் போடுகிறதல்லவா? முன்காலத்தில் குறிலுக்குப் புள்ளி வைத்துத்தான் வேறுபடுத்துவார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளியே வைக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. எது குறில், எது நெடில் என்று படிப்பவர் பாடு திண்டாட்டம். கொம்பைச் சுழித்துக் காட்டி அந்தத் திண்டாட்டத்தைத் தீர்த்தவர் இவர்தாம் என்று தமிழ் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கொம்பை மாற்றிப் போட்டு அடி வாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் அவர்மேல் கொஞ்சம் கோபப்பட்டாலும் குற்றமில்லை.

இவ்வளவு பெரிய வித்துவான் எதற்காக மட்டி, மடையன் கதை எழுதினார்? அங்கேதான் நான் சொல்லவந்த விஷயம் இருக்கிறது.

ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பாதிரிமார் ஊர்மக்களோடு பழகவேண்டும். குடியானவரோடும், நெசவாளரோடும், மாடு மேய்ப்பவரோடும் பேசவேண்டும். அவர்களுக்கு நன்னூலையும் காப்பியத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? கடைக்குப் போய்க் கத்தரிக்காய் கேட்கத் தெரியாது. ஆகவே பெஸ்கி இரண்டு இலக்கணங்கள் எழுதினார். ஒன்று புலவர்களின் செந்தமிழுக்கு; மற்றொன்று மக்கள் பேசும் தமிழுக்கு. இரண்டாவதைக் கொடுந்தமிழ் இலக்கணம் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். கொடுமையான தமிழ் என்று பொருள் அல்ல. கொடுவாள் என்கிறோமே, வளைந்த வாள், அந்தக் 'கொடு'தான். வளைந்து கொடுத்துப் பேசும் தமிழ். இந்த இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அந்த அச்சுக்கூடம் யாருடையது தெரியுமா? பெஸ்கி கண்டன நூல்கள் எழுதி மல்லுக்கு நின்ற புராட்டஸ்டன்டு சபையாருடையது! சண்டை ஒரு பக்கம், இலக்கணம் ஒரு பக்கம் என்று அவர்கள் நடந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பரமார்த்த குருவின் கதையும் இந்த வரிசையில் வந்ததுதான். தமிழ்-இலத்தீன் அகராதி ஒன்றோடு சேர்த்து, பேச்சு வழக்கைப் பழகிக்கொள்ளும் வாசகப் பாடமாக, எட்டுக் கதைகளாக அவர் இதை அமைத்தார். பக்கத்திலேயே இலத்தீன் மொழிபெயர்ப்பும் தந்தார். இதை முழுக்க முழுக்கத் தெருப்பேச்சு என்று சொல்லிவிட முடியாது. எழுத்தும் பேச்சும் கலந்த நடை. வாக்கியங்கள் சில இடங்களில் சரக்கு ரயில் மாதிரி நீண்டுகொண்டே போகும். ஆனாலும் செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், உரைநடையில், அதுவும் சிரிக்கவைப்பதற்காக ஒருவர் உட்கார்ந்து எழுதினார் என்பது சாதாரண விஷயமல்ல.

இதைத் தோட்டத்து மக்களாகிய உங்களிடம் ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், நம்முடைய பேச்சைப் பற்றி நமக்கே ஒரு கூச்சம் இருக்கிறது. கித்தாக் காடு, சடக்கு, பசியாறியாச்சா என்று நாம் பேசுவதைப் பட்டணத்து உறவினர்கள் கேலி செய்கிறார்கள். இன்று லயங்களை விட்டு ரெம்பாவிலும் சிரம்பானிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்களில், 'வீட்டுத் தமிழை வெளியே பேசாதே' என்று தாயே பிள்ளையைத் தடுப்பதையும் பார்த்திருக்கிறேன். இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பு, தேம்பாவணி பாடிய கையே மக்கள் பேச்சுக்கும் ஒரு இலக்கணம் எழுதி, அதைப் பழகுவதற்கு ஒரு கதையும் எழுதியிருக்கிறது. அவருக்கு அது கேவலமாகப் படவில்லை.

இனி கதைக்கு வருவோம். முழுவதும் சொல்லப்போவதில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதானே.

குருவும் சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். இந்த ஆறு பொல்லாதது, விழித்திருக்கும்போது இறங்கினால் விழுங்கிவிடும் என்று குரு எச்சரிக்கிறார். ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்த்துப் பார்க்கிறான். 'சுர்'ரென்று சத்தமும் புகையும் வருகின்றன. ஐயோ, ஆறு விழித்திருக்கிறது! காத்திருந்து, அதே கட்டையை, இப்போது அவிந்து போன கட்டையை, மறுபடி தோய்த்தால் சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டது என்று மெதுவாகக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஆள் எண்ணுகிறான் ஒருவன். தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஆறு பேரில் ஐந்து பேர்தான் இருக்கிறோம் என்கிறான். மற்றவனும் எண்ணுகிறான், அவனும் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வழியே போன ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு, வரிசையில் நிற்கவைத்து, தடியால் முதுகில் ஒவ்வொரு அடி போட்டு எண்ணவைக்கிறான். ஆறு பேரும் இருக்கிறார்கள்! பின்னால் மடத்திலிருந்த ஒரு கிழவி இதைக் கேட்டு, இதற்கா பணம் கொடுத்தீர்கள், சாணத்தைத் தட்டி அதில் ஆளுக்கொரு முறை மூக்கை அழுத்திவிட்டுக் குழியை எண்ணியிருந்தால் போதுமே என்கிறாள்.

தோட்டத்தில் பிரட்டு எடுக்கும் மண்டோர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். அவர்களும் ஆள் எண்ணும்போது தங்களை விட்டுவிட்டுத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் சம்பளக் கணக்கில் யாரும் தம்மை மறந்ததாக நான் கேள்விப்படவில்லை.

குதிரை முட்டையும் அப்படித்தான். தோட்டத்தில் விளைந்து கிடந்த பூசணிக்காயைப் பார்த்து அது குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுத்து வாங்குகிறார்கள். வழியில் காய் விழுந்து உடைகிறது. பக்கத்துப் புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்து ஓடுகிறது. முட்டையிலிருந்து வந்த குட்டியே இந்த வேகத்தில் ஓடினால் வளர்ந்த குதிரை என்ன வேகத்தில் ஓடும், நல்லவேளை, நமக்கு வேண்டாம் என்று குரு ஆறுதல் அடைகிறார். பெரோவின் கதையில் பூசணிக்காய் வண்டியாகிறது. நம்முடைய கதையில் குதிரை முட்டையாகிறது. வண்டி அங்கே, குதிரை இங்கே!

பிறகு வாடகை மாட்டின் நிழலில் உட்கார்ந்ததற்காக மாட்டுக்காரன் நிழலுக்கும் வாடகை கேட்பது. குளத்து நீரில் தெரிந்த மண்குதிரையின் நிழலை உண்மைக் குதிரை என்று எண்ணித் தூண்டில் போடுவது. கடைசியில் நொண்டிக் கிழட்டுக் குதிரை ஒன்று கிடைத்து அதிலிருந்து குரு விழுவது. குரு விழுந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் தலைப்பாகை கீழே விழுகிறது, சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதை எல்லாம் எடுக்கவேண்டாமா என்று குரு கடிந்துகொள்ள, அடுத்து குதிரை போட்ட சாணத்தையும் தலைப்பாகையில் ஏந்துகிறார்கள். எதை எடுக்கலாம் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார் குரு. அப்புறம் குருவே பள்ளத்தில் விழுகிறார். பட்டியலைப் பார்த்து வேட்டியை எடுக்கிறார்கள், மேல்துணியை எடுக்கிறார்கள், குருவை மட்டும் எடுக்கவில்லை, ஏனென்றால் பட்டியலில் அவர் பெயர் இல்லை! அவர் பள்ளத்தில் கிடந்தபடியே தம் பெயரையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள். ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் பாரம் நிரப்பிக்கொண்டு போய், 'இந்தக் காகிதம் இல்லையே' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கம் வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் தினத்துக்கு இந்தக் கதையை நாடகமாகப் போடலாம் என்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் காலையில் ஒரு தாய் வேலைக்குப் போகும் கோலத்திலேயே, தலையில் துணி கட்டியபடி, வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"என்னா டீச்சர், எம் மவனுக்குப் போயி மட்டி வேசமா குடுத்திருக்கீங்க?"

"கதையில அப்படி ஒரு பேருக்கா. சும்மா சிரிக்கத்தான்."

"சிரிக்கத்தான் டீச்சர். ஏற்கெனவே தோட்டத்துப் புள்ளைன்னாலே மட்டின்னுதான் வெளியில சொல்றாங்க. நீங்களும் மேடையில ஏத்தி மட்டின்னு கூப்பிட்டா?"

அந்தக் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. முட்டாள் கதைகள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. ஒரு ஊரைச் சொல்லி, ஒரு கூட்டத்தைச் சொல்லி, 'அவர்கள் அப்படித்தான்' என்று சிரிப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். அப்படிச் சிரிக்கப்பட்டவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். அந்தத் தாயை உட்காரவைத்துக் கதையை முதலிலிருந்து சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே ஒன்று பளிச்சென்று பட்டது.

"அக்கா, இந்தக் கதையில ஏமாறுறவங்க யாரு பாருங்க. மடத்துல உக்காந்து சாப்பிடுற குருவும் சீடருங்களும். ஏமாத்துறவங்க, புத்தி சொல்றவங்க யாரு? பூசணிக்காய்க்காரன், மாட்டுக்காரன், வழிப்போக்கன், கிழவி. வேலை செஞ்சு பொழைக்கிற ஒருத்தராவது இதுல முட்டாளா இருக்காங்களா?"

அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "அந்தக் கெழவி வேசத்துக்கு ஆள் இருக்கா டீச்சர்? எம் மவளும் நல்லாப் பேசுவா" என்றார். மகன் மட்டியாகவும் மகள் கிழவியாகவும் நடித்தார்கள். சாணத்துக்குப் பதில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வைத்துக்கொண்டோம். மகள் தம்பியின் மூக்கைப் பிடித்து அழுத்தியதில் கொஞ்சம் பழைய வீட்டுக் கணக்கும் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு சர்ச்சையையும் சொல்லியாகவேண்டும். ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் நம்முடைய மடத்துக் குருக்களைக் கேலி செய்வதற்காகவே இதை எழுதினார் என்று சிலர் சொல்வதுண்டு. குரு என்பவர் நம் மரபில் பெரிய இடத்தில் இருப்பவர். அவரை இப்படிக் காட்டலாமா என்று கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெஸ்கி சமயச் சண்டையில் சளைத்தவர் அல்லர் என்பதும் உண்மை. ஆனால் துய்புவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இதை 1826-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டபோது இதே குற்றச்சாட்டை எடுத்துப் பேசியிருக்கிறார். பெஸ்கியின் பெயரே எட்டாத இடங்களிலும் இந்தக் கதைகளின் சாரத்தைத் தாம் கேட்டதாகவும், ஆகவே இவை பெஸ்கி கற்பித்தவை அல்ல, நாட்டில் வழங்கியவை என்றும் அவர் கருதினார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உட்கார்ந்த கிளையையே வெட்டும் சீடன் ஒருவன் இதில் வருகிறான். அவனை நமக்கு வேறு பெயரில் தெரியும். காளியின் அருள் கிடைப்பதற்கு முன் காளிதாசர் செய்த வேலை அதுதான். நம் அப்பா அம்மா காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்களே, அதில் 1966-இல் வந்த 'மகாகவி காளிதாஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிளை நினைவிருக்கும். அதே கிளையில் துருக்கி நாட்டு முல்லா நஸ்ருதீனும் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்! தன்னை விட்டுவிட்டு ஆள் எண்ணுவதும் அப்படியே. இங்கிலாந்தில் கோத்தம் என்று ஒரு கிராமம். அந்த ஊரார் பன்னிரண்டு பேர் மீன் பிடிக்கப் போய், திரும்பும்போது பதினொரு பேர்தான் இருக்கிறோம் என்று அழுத கதை அங்கே பழைய காலத்திலிருந்தே உண்டு. அங்கேயும் ஒருவன் வந்து ஆளுக்கொரு சாட்டையடி கொடுத்துத்தான் எண்ணிக் காட்டுகிறான். கதை எந்தக் கப்பலில் ஏறி எங்கே இறங்கியது என்று யார் சொல்லமுடியும்?

தெலுங்குக் குடும்பங்கள் உள்ள தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பரமானந்தய்யாவின் சீடர்கள் என்று சொல்வார்கள். என்.டி. ராமராவ் நடித்து அந்தப் பெயரில் 1966-இல் ஒரு தெலுங்குப் படமே வந்தது. மலாய்க்காரர்களிடம் பாக் பண்டீர் இருக்கிறார். லெபாய் மாலாங் இருக்கிறார். லெபாய் என்றால் சமயம் கற்றவர். ஒரே நாளில் மூன்று விருந்துக்கு அழைப்பு வந்து, எதற்குப் போவது என்று ஆற்றில் படகை மேலும் கீழுமாக வலித்துக்கொண்டே இருந்து, மூன்றையும் இழந்தவர். பரமார்த்த குருவுக்கு ஏற்ற பக்கத்து வீட்டுக்காரர்! எங்கள் மாணவர்கள் மலாய்ப் பாடத்தில் அவரைப் படித்துவிட்டு, "டீச்சர், இவரு நம்ம குரு மாதிரியே இருக்காரு" என்று ஓடி வருவார்கள்.

இந்தக் கதை அச்சான கதையும் கேட்கத்தக்கது. பெஸ்கி உயிரோடு இருந்தவரை இது கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. அவர் தம் கடைசி நாட்களைக் கேரளத்து அம்பழக்காட்டில் கழித்து 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-இல் காலமானார். அவர் 1742-இல் மணப்பாட்டில் இறந்தார் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். பழைய பாடநூல் வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளலாம். அவர் மறைந்து ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1822-இல், லண்டன் நகரத்தில் பரமார்த்த குருவின் கதை தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அச்சாயிற்று. அதைச் செய்தவர் பெஞ்சமின் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர். சென்னையில் கும்பினி அதிகாரியாக இருந்து தமிழ் படித்தவர். பெஸ்கியின் செந்தமிழ் இலக்கணத்தையும் அவரே ஆங்கிலத்தில் தந்தார். பின்னால் இங்கிலாந்துக்குத் திரும்பி வைத்தியம் படித்து டாக்டரானார். தொண்டைக்குள் கண்ணாடி விட்டுக் குரல்வளையைப் பார்க்கும் கருவி ஒன்றை 1829-இல் அவர் செய்து காட்டினார். ஆக, மட்டியையும் மடையனையும் மேல்நாட்டுக்கு அறிமுகப்படுத்தியவரும், தொண்டைக்கு வழி காட்டியவரும் ஒருவரே.

சென்னையில் திருக்குறளில் ஈடுபாடு கொண்டிருந்த எல்லிஸ் துரை, பெஸ்கியின் சுவடிகளைத் தேடித் திரட்ட முத்துசாமிப் பிள்ளை என்பவரை அனுப்பினார். அவர் ஊர் ஊராகக் கேட்டறிந்து வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் தமிழில் எழுதினார். அதில் முனிவர் காவியுடையும் பல்லக்குமாக ராஜ மரியாதையோடு வலம்வருகிறார். சந்தா சாகிபுவின் தர்பாரில் திவானாகவே இருக்கிறார். இவற்றில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு ஊர் சேர்த்தது என்று பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். மக்களின் கதையை எழுதிவைத்தவரை மக்கள் ஒரு கதையாக்கிவிட்டார்கள். சரிக்குச் சரி.

அதற்குப் பிறகு புத்தகம் பல பாதைகளில் நடந்தது. தமிழ் படிக்கவேண்டிய வெள்ளைக்கார அதிகாரிகள் அதை வைத்து எழுத்துக்கூட்டினார்கள். பள்ளிக்கூடங்களில் புகுந்தது. வாய்மொழியாகத் தாத்தா பாட்டிமார்களிடம் போய்ச் சேர்ந்து, யார் எழுதியது என்ற நினைவே இல்லாமல் போயிற்று. வீரமாமுனிவருக்கு 1968-இல் சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தார்கள். நம் கோலாலம்பூரில் 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததே, அதற்கு அடுத்த மாநாட்டை ஒட்டி வைத்த சிலை. அவர் தேம்பாவணிக்காகவும் அகராதிக்காகவும் அங்கே நிற்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் தேம்பாவணியில் பத்துப் பாட்டு மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் நம் தோட்டங்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? குதிரை முட்டை தெரியாதவர் எத்தனை பேர் இருப்பார்கள்? வெளிநாட்டுப் பாதிரிமாருக்கு மொழிப்பயிற்சியாக எழுதிய சின்னப் புத்தகம்தான் வீடுவரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆண்டர்சனைப் பண்டிதர்கள் குறை சொன்னதை நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தக் குறைதான் இரண்டு பேரையும் காப்பாற்றியது.

நான் பார்த்த சில சிறுவர் பதிப்புகளில் சாணத்தை எடுத்துவிட்டார்கள். குரு சாகும் கடைசிக் கதையையும் காணோம். உட்காரும் இடம் குளிர்ந்தால் குருவுக்குச் சாவு என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னதை நம்பி, ஒரு நாள் உண்மையிலேயே குளிர்ந்தபோது குரு மயங்க, அவர் செத்தார் என்று சீடர்கள் காரியத்தில் இறங்கிவிடுகிறார்கள். அதிலேயே அவர் உயிர் போய்விடுகிறது. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அதை நீக்கியிருக்கலாம். என் அனுபவத்தில் பிள்ளைகள் பயப்படவில்லை. "அவரு சாகலைன்னு யாராச்சும் தொட்டுப் பாத்திருக்கலாமே" என்று ஒரு சிறுமி சொன்னாள். கதை முழுவதும் அதுதானே, யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

பெடாஸ் வெந்நீர் ஊற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோர்கள், கொள்ளிக்கட்டைக் கதையை அங்கே வைத்துச் சொல்லிப் பாருங்கள். தண்ணீரே ஆவி விட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று மட்டியால் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று கேளுங்கள். எங்கள் நான்காம் ஆண்டு மாணவர்கள் இதற்கு ஐந்தாறு பதில் வைத்திருக்கிறார்கள். அவற்றை இங்கே எழுதினால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கதைகளை வேறு விதமாகச் சொல்லக்கூடும். குதிரை முட்டை என்று எதைக் காட்டினார்கள்? ஆள் எண்ணிக் காட்டியவன் யார்? சீடர்களின் பெயர் என்ன? லயத்துப் பாட்டி சொன்ன அதே பேச்சில், ஒரு சொல்லையும் திருத்தாமல், இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை வரும் இதழ்களில் இதே பக்கத்தில் போடுவோம்.